மாமியார் பேரில் வேலை

ஐம்பத்தெட்டு வயதுக்காரி ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று எங்கள் எஸ்டேட் ஆபீசில் ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த ஜோக்கை முதலில் சொன்னவள் நான்தான். அப்போது எனக்கே ஐந்து மாதம்.

அதை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் சொல்லாமலே விட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுக்கு அப்பால் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் டைப்பிஸ்ட். ஏற்காட்டில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, சேலத்தில் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி, அந்த ஆபீசுக்குள் நுழைந்த முதல் பெண்பிள்ளை என்று எனக்கு ஏகப்பட்ட ஜம்பம். வாயும் நீளம். ரைட்டர் என்று நாங்கள் கூப்பிட்ட தலைமைக் குமாஸ்தா, எஸ்டேட்டில் ஆள் கணக்கெல்லாம் அவர் கையில், அவரே என்னிடம் பார்த்துத்தான் பேசுவார். நியாயம் கேட்க வேண்டுமென்றால் டைப்பிஸ்ட்டம்மாவிடம் போ என்று தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பேசிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டபோது இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் எஸ்டேட்டில் மட்டும் என்றில்லை, மலையில் தெரிந்த இடமெல்லாம் இருந்தது. நிரந்தரத் தொழிலாளியாகப் பேர் இருக்கும் ஒரு பெண்ணுக்கு முடியாமல் போனால் வேலையை விட மாட்டாள். மருமகளையோ மகளையோ தன் பேருக்கு அனுப்பிவிடுவாள். வருகைப் புத்தகத்தில் மாமியார் பேர், மலைச்சரிவில் மருமகள். பேர் இருந்தால்தான் லைன் வீடு. பேர் போனால் வீடும் போகும். நிர்வாகத்துக்கும் இது வசதி. புதிதாக ஒருத்தியை நிரந்தரமாக்க வேண்டாம், வயதான பேருக்கு இளம் கை வேலை செய்யும். யாருக்கும் இது திருட்டு என்று தோன்றியதே இல்லை. எனக்கும்தான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அந்தப் புத்தகத்தைப் பார்த்து நான் டைப் அடித்த சம்பளப் பட்டியலில் அப்படி எத்தனை மாமியார்கள் என்று யாராவது கேட்டிருந்தால் விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருப்பேன்.

நான் சொல்ல வந்தவள் பக்கத்து மலைக் கிராமமான செம்மநத்தத்தில் பிறந்தவள். லைன் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த இரண்டாவது மாதமே மாமியாருக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போனது. அந்த அம்மாள் முப்பது வருஷம் மழையிலும் பனியிலும் சரிவில் நின்ற கால் அது. ரைட்டரே சொன்னாராம், புள்ளையை அனுப்பு, பேர் அப்படியே இருக்கட்டும் என்று. ஐந்து வருஷமாக அவள் மாமியார் பேரைக் கூப்பிட்டால் "உள்ளேனுங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் ஆபீசுக்குப் பின்னால் குழாயடியில் நான் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். தலையில் சாக்கு, காலில் அட்டை கடித்த ரத்தம். ஆடி மாதத் தூறல்.

"ஏனுங்கம்மா, ஒரு சேதி கேக்கோணுங்க. கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"எனக்கும் அஞ்சு மாசமுங்க. பேர் இருக்கற பொம்பளைங்களுக்குப் புள்ளை பெத்தா மூணு மாசம் சம்பளத்தோட லீவு குடுக்கறாங்களாமா. எனக்குக் கெடைக்குங்களா?"

இதற்கு முன்னால் இரண்டு தரித்து நிற்கவில்லையாம். போன தடவை ஏழாவது மாதம், உரமூட்டையோடு வழுக்கி விழுந்ததில் போனது. அதையெல்லாம் அவள் அழாமல்தான் சொன்னாள். "இதாச்சும் தங்கோணுங்க. பெத்த பொறவு ஒரு மாசமாச்சும் ஊட்டோட கெடந்தாத் தேவலைங்க. நான் வேலையை உட்டு நிக்கலாமுன்னா பேர் போயிரும், ஊடும் போயிரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் வயிற்றுப் பிள்ளைக்காரி. எனக்கு லீவு உண்டு, மனு எழுதி மேஜை மேல் வைத்தாகிவிட்டது. இவள் எனக்கு எந்த விதத்தில் குறைந்து போனாள்? "நீ போ கண்ணு, நான் பேசறேன். துரையே ஆனாலும் கேட்டுட்டுத்தான் மறுவேலை" என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிடாதே என்று அதட்டினேன். அந்த அதட்டலில் எவ்வளவு பெருமை இருந்தது என்று இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் மேனேஜரை நாங்கள் துரை என்றுதான் சொல்வோம். எங்கள் துரை கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர். சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். நான் படபடவென்று பேசி முடிக்கும்வரை கேட்டார். பிறகு என்னை உட்காரச் சொன்னார். ஆபீசில் என்னை அவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பொண்ணு பேரு நம்ம புத்தகத்துல இல்லீங்களே. இன்னைக்குச் சேத்தா, லீவுக்கு வேண்டிய நாள் கணக்கு அதுக்கு இருக்காது. அஞ்சு வருஷமா வேலை செய்யுதுன்னு ஒத்துக்கிட்டா, அஞ்சு வருஷமும் பொய்ப் பேருன்னு ஆயிரும். அப்ப அந்தப் பட்டியலை டைப் அடிச்சது யாருன்னுதான் மொதல்ல கேப்பாங்க."

மேஜை மேலிருந்த என் காகிதத்தைக் கண்ணால் காட்டினார்.

"உங்க லீவு மனு இங்கதான் இருக்குது. பாத்துக் கையெழுத்துப் போட்டர்றேன். நீங்க ஒடம்பைப் பாத்துக்குங்க."

அவ்வளவுதான் சொன்னார். மிரட்டவில்லை, முகத்தில் கோபமும் இல்லை. என் மனுவின் மேல் இருந்த கண்ணாடிக் குண்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். என் வீட்டுக்காரருக்கு அப்போது தற்காலிக வாத்தியார் வேலை, வருமானம் நிச்சயமில்லை. நாங்கள் குடியிருந்தது என் பேரில் கிடைத்த ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். வீடு போய்விடும் என்று அவள் சொன்ன அதே பயம்தான் எனக்கும். ஆனால் அவள் பயத்தைப் பார்த்து எனக்கு வந்த கோபம், என் பயம் வந்ததும் எங்கே போனதென்றே தெரியவில்லை.

வெளியே வந்தேன். ரைட்டரும் இன்னொரு குமாஸ்தாவும் என் முகத்தையே பார்த்தார்கள். துரையிடம் என்னமோ சாதிக்கப் போனாளே என்ற பார்வை. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் உதறி விடுவதற்காகத்தான் சொன்னேன்: "ஒண்ணுமில்லீங்க, நம்ம பட்டியல்ல ஐம்பத்தெட்டு வயசுல ஒரு அம்மா மாசமா இருக்காங்களாம். லீவு கேக்கறாங்க."

ரைட்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். டீ கொண்டுவந்தவரிடம் சொன்னார். அவர் மருந்துக் கடைக்காரரிடம் சொல்லியிருப்பார். அடுத்த வாரம் வெள்ளக்கடையிலிருந்து உரம் ஏற்றி வந்த லாரிக்காரர், "ஏனுங்க, அந்த அதிசயத்தை எனக்குக் காட்ட மாட்டீங்களா?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தேன்.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டிருக்கலாம். துரை முடியாது என்கிறார், நான் பயந்துவிட்டேன் என்று. அதைச் சொல்ல மனசு வரவில்லை. எனக்கு இருந்த பேர் கெட்டுவிடுமே. "லேபர் இன்ஸ்பெக்டர் வருவார், வரும்போது நேரில் சொல்லிடறேன், அவர் சொன்னா துரையும் கேக்கணும்" என்றேன். அவர் எப்போது வருவார் என்று எனக்கே தெரியாது. தள்ளிப்போட வாயில் வந்த சாக்கு அது. அவள் நம்பினாள். வழியில் பார்க்கும்போதெல்லாம் "இன்ஸ்பெட்டரு எப்ப வாராருங்க?" என்று கேட்பாள். நான் வேறு வழியாகப் போக ஆரம்பித்தேன்.

இன்ஸ்பெக்டர் நிஜமாகவே வந்துவிட்டார், ஐப்பசியில். முந்தின நாளே தகவல் வந்தது. குழந்தைகள் காப்பகத்தைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். மருந்து தெளிப்பவர்களுக்கென்று வாங்கிப் பூட்டி வைத்திருந்த முகமூடியும் பூட்ஸும் ஸ்டோரிலிருந்து வெளியே வந்தன. பேருக்குச் சொந்தக்காரர்களை, அதாவது மாமியார்களை, அன்றைக்கு மட்டும் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நாற்றங்காலில் உட்கார்ந்து களை பிடுங்கும் வேலை. மருமகள்கள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது.

மற்ற மருமகள்கள் வரவில்லை. இவள் வந்தாள். நான் சொல்லியிருந்தேன் அல்லவா, இன்ஸ்பெக்டரிடம் பேசுவேன் என்று. எட்டு மாத வயிற்றோடு, தலையைப் படிய வாரி, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு நாற்றங்கால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். கூப்பிட்டால் உள்ளே வரத் தயாராக நின்றாள்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். கண்ணும் கூர்மை. என்னைப் பார்த்து, "உங்களுக்கு எப்பம்மா லீவு?" என்று கேட்டார். அடுத்த மாதம் என்றேன். நல்லது என்று தலையாட்டினார். பிறகு வேலிப் பக்கம் பார்த்தார்.

"அந்தம்மா யாரு? இங்க வேலை செய்யறாங்களா?"

கேள்வியை என்னிடம்தான் கேட்டார். ரைட்டர் என்னைப் பார்த்தார். துரை தூரத்து சில்வர் ஓக் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். களை பிடுங்கிக்கொண்டிருந்த அவள் மாமியார் கையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு யார் ஏற்படுத்தித் தர முடியும்? "ஆமாங்க சார்" என்று இரண்டு வார்த்தை போதும்.

"இல்லைங்க சார்" என்றேன். "லைன் வீட்டுல இருக்கறவங்க. சும்மா வேடிக்கை பார்க்க வந்திருக்காங்க."

இன்ஸ்பெக்டர் அவளையே கேட்டார். "அப்படியாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்துப் போயிருப்பேன். டைப்பிஸ்ட்டம்மாவுக்கு என்ன ஆகிவிடுமோ என்று பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"ஆமாங்க சாமி" என்றாள். "மாமியாளுக்குச் சோறு கொண்டாந்தனுங்க."

கையில் சோறு எதுவும் இல்லை. இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்தாரோ என்னவோ, குறிப்புப் புத்தகத்தை மூடினார். அவள் திரும்பி மேட்டில் ஏறிப் போனாள். என் மனுவில் துரை அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சேலத்தில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு முந்தின நாள் வரை வேலைக்குப் போனேன், லீவு மூன்று மாதத்தையும் பிள்ளையோடு இருக்க வேண்டும் என்று. பத்தாம் நாள் குவார்ட்டர்சுக்கு வந்துவிட்டோம். என் அம்மா கூட வந்து பத்தியம் பார்த்தார். கம்பளி, கணப்பு, வெந்நீர், வேளைக்கு வேளை பூண்டுக் குழம்பு. எனக்குக் குறையே இல்லை. அடுத்த சில நாளில் அவளுக்கும் லைன் வீட்டில் ஆண் பிள்ளை பிறந்தது என்று கேள்விப்பட்டேன். இந்தத் தடவை தங்கியது.

ரைட்டர் ஒருநாள் சாயங்காலம் குழந்தையைப் பார்க்க வந்தார். பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஒரு சேதி தெரியுமுங்களா? மருமவ படுத்துட்டாளுன்னு மாமியாளே காப்பிப் பழம் எடுக்க வந்துருச்சுங்க. அஞ்சு வருசத்துல இப்பத்தான் நம்ம புத்தகம் சரியா இருக்குது."

"அந்தக் காலோடயா?"

"மூணு நாளு வந்துச்சு. ஊணுகோலு ஒரு கையி, கூடை ஒரு கையி. மேல இருக்கற செடிக்கு ஏற முடியல, உக்காந்துக்கிட்டே நகருது. மேஸ்திரி பாத்துட்டு, ஆளை மாத்தி அனுப்புன்னு திருப்பி அனுப்பிட்டாரு."

வேலைக்காரி தன் பேரில் தானே வேலைக்கு வந்தால் ஆளை மாற்றி அனுப்பச் சொல்கிற ஊர் எங்கள் ஊர். ரைட்டர் சிரித்தார். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்ததைப் பெரிய புண்ணியமாக நினைத்துக்கொண்டேன், வெட்கங்கெட்டவள்.

பிள்ளை பெற்ற ஆறாம் நாள் அவள் வேலைக்குப் போனாள். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் வழியாகத்தான் சரிவுக்குப் பாதை. தலைக்கு ஊற்றிக்கொண்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தேன், அம்மா சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். இடுப்பில் பழம் எடுக்கும் பையை இறுக்கிக் கட்டியிருந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது. ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது.

"பாப்பா சொகமுங்களா?" என்று கேட்டாள்.

"சுகம். உன் பையன் எங்கே?"

"மாமியாகிட்ட உட்டுட்டு வந்தனுங்க. காப்பகத்துல கேட்டேன், புள்ளையோட அம்மா பேரு புத்தகத்துல இல்லேன்னுட்டாங்க. மத்தியானம் ஓடிப் போயிப் பாலு குடுத்துட்டு வரோணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்களுக்கு எத்தனை நாளு லீவுங்கம்மா?" என்றாள்.

குத்திக் காட்டக் கேட்கவில்லை. எல்லாரும் கேட்கிற கேள்வி. மூன்று மாதம் என்று சொல்ல வேண்டியதுதான். அவள் ரவிக்கையைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"ஒரு மாசம்தான்" என்றேன். "ஸ்டாஃபுக்கு அவ்வளவுதான். அடுத்த வாரம் நானும் போகணும்."

"அய்யோ பாவமே. படிச்சவங்களுக்கே அப்படித்தானுங்களா?" என்றாள். எனக்காக நிஜமாகவே வருத்தப்பட்டாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரியும் இருந்தது. எல்லாருக்கும் இதுதான் கதி என்றால் மனசு ஆறத்தானே செய்யும். அவள் பள்ளத்தில் இறங்கிப் போன பிறகு அம்மா, "எதுக்குடி பொய் சொன்னே?" என்று கேட்டார். வேலையைப் பாருங்க என்று எரிந்து விழுந்தேன்.

வாராவாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவள் நான். கோபப்பட்டேன், அம்மாவை எதிர்த்துப் பேசினேன் என்று சில்லறைப் பாவங்களாகப் பொறுக்கிக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் சொல்வேன். இதை ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு வாரம் போனது, மூன்று வாரமும் போனது. அவள் வரும் நேரத்துக்குக் கதவைச் சாத்தி வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கூடப் போகாமல் வீட்டில் இருந்தபோது கதவைத் தட்டும் சத்தம். அம்மா திறந்துவிட்டார். அவள்தான். முதுகில் துணி கட்டிப் பிள்ளை, கையில் பெரிய எவர்சில்வர் தூக்கு.

உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரு மாசம் தாண்டியும் ஆபீசுல உங்களைக் காணலீங்களே. கதவும் சாத்தியே கெடக்குது. ஒடம்புக்கு நொம்ப முடியலைங்களா?"

கண் கலங்கிவிட்டது. அவள் அதை வேறாக எடுத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. புள்ளை பெத்த ஒடம்பு, அப்பிடித்தான் இருக்கும்" என்று தூக்கை அம்மாவிடம் கொடுத்தாள். "செம்மநத்தத்துல எங்கம்மா எனக்குன்னு இடிச்சுக் குடுத்த மருந்துங்க. சுக்கு, மிளகு, பூண்டு, கருப்பட்டி எல்லாம் போட்டது. காலையில வெறும் வயித்துல ஒரு உருண்டை தின்னா ஒடம்பு தேறிக்கும்."

"உனக்கு வேண்டாமா?" என்று அம்மாதான் கேட்டார்.

"இதைத் தின்னா ஊட்டோட கெடக்கோணுங்க. பனி படக் கூடாது, தண்ணியில நிக்கக் கூடாது. நான் விடியறப்பவே செடிக்குள்ள நிக்கறனே, எனக்கெங்க ஒத்துக்கும்? டைப்பிஸ்ட்டம்மாதான் படுத்துக் கெடக்கறாங்கன்னு எடுத்துட்டு வந்தேன்."

அம்மா என்னைப் பார்த்தார். இப்போதாவது சொல்லு என்ற பார்வை அது. எனக்கும் புரிந்தது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, லீவில் இன்னும் ஆறு வாரம் மிச்சம் இருக்கிறது, உனக்கும் இது கிடைத்திருக்க வேண்டியது, வேலிக்கு அந்தப் பக்கம் நீ நின்றபோது நான்தான் இல்லை என்றேன். இத்தனையும் நெஞ்சுக்குள் வரிசையாக வந்து நின்றது.

"நல்லாயிரு கண்ணு" என்றேன்.

பிள்ளை அழுதது. முதுகிலேயே தட்டிக்கொடுத்தபடி அவள் படியிறங்கிப் போனாள்.

அன்றைக்கு முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் ஒரு உருண்டையை எடுத்து வந்து, தின்னுடி, வீணாக்காதே என்று மட்டும் சொன்னார். நல்ல மருந்து. கணப்புப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தினம் ஒன்று தின்றேன். ஆறு வாரத்துக்கும் வந்தது.